பஞ்சுவின் பேரில் எழுதிய பால்கோவா

ராஜபாளையம்
9-3-1990

அன்பு மகள் கிருபைக்கு அப்பா எழுதுவது,

கர்த்தர் இரங்கியபடியால் இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பியூலாவும் அதைவிட நன்றாக இருக்க இரண்டு வேளை ஜெபத்திலும் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. குழந்தைக்கு நான்கு பல் வந்துவிட்டதையும் மாப்பிள்ளையின் விரலை அது கடித்ததையும் அம்மா ஐந்து முறை வாசிக்கச் சொன்னாள். மே மாதம் லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருந்ததை எத்தனை முறை வாசித்தோம் என்று எண்ணவில்லை. கடிதத்தின் கடைசியில் வழக்கம்போல், பஞ்சு எப்படியிருக்கிறது, அதைப்பற்றி மட்டும் ஏன் அப்பா ஒரே வரியில் முடிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். உண்மைதான். கடந்த எட்டு கடிதங்களின் நகலையும் எடுத்துப் பார்த்தேன், எட்டிலும் "பஞ்சு சுகம்" என்றுதான் எழுதியிருக்கிறேன். பொய் எழுதவேண்டும் என்று எழுதவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் அப்படியே விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இன்றைக்கு அம்மா கோயிலில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், வர ஐந்து மணி ஆகும். அதற்குள் எழுதித் தபாலிலும் சேர்த்துவிடவேண்டும், ஏனென்றால் இதில் அம்மாவைப் பற்றியும் இருக்கிறது. ஆனால் பூனையிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும்.

நீ கல்யாணமாகிப் போனபோது பஞ்சு எப்படியிருந்தது என்று உனக்குத் தெரியும், உன்னிடம் இருக்கும் போட்டோவும் அப்போது எடுத்ததுதான். தயவுசெய்து அந்தப் போட்டோவை நம்பிக்கொண்டு வராதே. நீ போன பிறகு காலையில் உனக்கு ஆற்றிவைக்கும் ஒரு தம்ளர் பாலை ஆற்றாமல் இருக்க அம்மாவுக்குக் கை வரவில்லை, அது பஞ்சுவுக்குப் போனது. மத்தியானம் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் ரொட்டியும் பாலும், இரவு தயிர்ச்சோறு. அது செய்த வேலை, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவதும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும்தான். நாளும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குக் கிளம்பிய நேரம், பின்னறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வழக்கமாகக் கொய்யா மரத்துக்குப் போகிற பாதையில் புகுந்த பஞ்சு, தலையும் முன்னங்கால்களும் வெளியே, மீதியெல்லாம் உள்ளே என்று மாட்டிக்கொண்டது. அம்மா உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டாள். நான் வெளியே போய், இழுத்தால் விலா எலும்பு என்ன ஆகுமோ என்று பயந்து, முதலில் கம்பிகளின் இடைவெளியை அளந்தேன். நாலேகால் அங்குலம் இருந்தது. "அளந்து கம்பிக்குச் சட்டையா தைக்கப் போறிய, மொதல்ல பிள்ளைய வெளிய எடுங்க" என்று அம்மா சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டு ஏசம்மாள் கோயிலுக்குக் கட்டியிருந்த பட்டுப்புடவையோடு தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒத்துங்க சார், இது நம்ம மோதிரம் கழத்துற மாரிதான்" என்று பாதிப் பாட்டிலைக் கவிழ்த்தாள். பஞ்சு வழுக்கிக்கொண்டு உள்பக்கமே விழுந்து, நேராக வந்து கஞ்சி போட்டுத் தேய்த்த என் வேட்டியில் உடம்பைத் துடைத்துக்கொண்டது. நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் பாதி முடிந்திருந்தது. மீதிப் பிரசங்கம் எதைப்பற்றி என்று எனக்கு நினைவில்லை. மில்லில் முப்பத்தொரு வருடம் நூலை எடைபோட்டுத் தரம் பார்த்தவன், வீட்டில் ஒரு பூனை இரட்டிப்பானதைப் பார்க்கவில்லையே என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எடை எவ்வளவு என்று தெரியாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று மறுநாள் பஞ்சுவை ஒரு மஞ்சள் பையில் தலை மட்டும் வெளியே தெரிகிறமாதிரி வைத்து, தெருமுனையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மதுவிடம் கொண்டுபோனேன். அவர் பையைத் தொங்குதராசுக் கொக்கியில் மாட்டிவிட்டு, "என்ன ரேட்டுல போடட்டும் சார்வாள், பேப்பர் ரேட்டா, பித்தளை ரேட்டா" என்றார். ஏழரை கிலோ காட்டியது. "முள்ளு பூஜ்யத்துக்கு வராது சார், கால் கிலோ கழிச்சுக்கிடுங்க" என்று அவரே சொன்னார். கழித்தேன், ஏழே கால். அவருடைய வாப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுத்தது உனக்குத் தெரியும். பூனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மனுசனுக்கு வாரதெல்லாம் இதுக்கும் வருமாம் சார், சும்மா இருந்துறாதீய. ஸ்ரீவில்லிபுத்தூர்ல சுந்தரபாண்டியன்னு ஒரு மாட்டு டாக்டர் ரிட்டயராகி வீட்டுல வச்சே பாக்காரு, எங்க ஆட்டுக்கெல்லாம் அவருதான்" என்று விலாசம் எழுதிக்கொடுத்தார். இங்கேயே கால்நடை ஆஸ்பத்திரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெரிந்தவர்கள் மாட்டோடும் நாயோடும் நிற்கிற வரிசையில் ஒரு பூனையோடு போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்து ஊர் என்றால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அம்மா மடியில் கூடையோடு உட்கார்ந்தால்தான் பஞ்சு சத்தம் போடாது, அதனால் இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் கண்டக்டர் கூடையைப் பார்த்துக் கோழியா என்று கேட்டார். நான் எழுந்து நின்று, இல்லை, பூனை, இதற்கு டிக்கெட் வேண்டுமானால் வாங்கிவிடுகிறேன், சட்டப்படி எப்படியோ அப்படி என்றேன். "கோழிக்குச் சட்டம் இருக்கு, பூனைக்கு எங்களுக்குச் சட்டம் கெடையாது, ஒக்காருங்க" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. செக்கிங் ஏறினால் உங்களுக்குத் தொந்தரவாகிவிடுமே என்று இரண்டு தடவை எழுந்து சொன்னேன். மூன்றாம் தடவை அவர், "எறங்குற வரைக்கும் சத்தம் காட்டாம வந்தாப் போதும்" என்றார். அதுதான் தூங்குகிறதே என்றேன். "பூனையச் சொல்லல சார்" என்றார். அம்மா இறங்குகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். டாக்டர் வீட்டு வாசலில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர், இரண்டும் நம்மூர் வெள்ளை நாய்கள், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். நான் கூடையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நாய்கள் எழுந்து நின்றன, பஞ்சு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. டாக்டர் அதை மேஜையில் போட்டு விரலால் விலாவைத் தடவிப்பார்த்து, "எலும்பு இருக்கான்னு நீங்க நம்புறீங்களா சார்" என்று என்னைக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். இந்த உடம்போடு இருந்தால் சர்க்கரை வியாதி வருவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு, வந்துவிட்டால் தினம் இரண்டு வேளை ஊசி போடவேண்டியிருக்கும், இப்போதே குறைத்துவிட்டால் வராமலே தப்பிக்கலாம். ஆனால் சட்டென்று குறைக்கக்கூடாது. வாரத்துக்கு ஐம்பது அறுபது கிராம், எழுபதைத் தாண்டக்கூடாது. பட்டினி போடவே கூடாது. சோறும் பாலும் ரொட்டியும் மெதுவாக நிறுத்தி, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ நாளைக்கு நூற்றி அறுபது கிராம், மூன்று வேளையாகப் பிரித்து. தினம் கொஞ்சம் ஓடவிட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொண்டுவந்து காட்டவேண்டும். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அவருக்கு வாசித்துக்காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை இருப்பதால் இதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை, பாவம்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன், அப்போது அது தவறு என்று தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன் பால்கோவா இல்லாமல் நம் தெருவுக்குள் நுழைந்தால் என்ன பேச்சு வரும் என்று உனக்குத் தெரியும். பக்கத்து ஊர் என்றால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன் என்றேனே, அன்று சாயங்காலமே ஏசம்மாள் கேட்டில் நின்று, "டாக்டர் பாத்தாச்சா, அப்ப பால்கோவா வந்திருக்குமே" என்றாள். வாங்கித்தான் வந்திருந்தேன், அரைக் கிலோ. இரண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கொடுத்ததுபோக மீதி, வருகிறவர்களுக்கு என்று அலமாரி மேல்தட்டில் எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பூனையை இளைக்கவைக்கப் போகிறோம், போகிறபோதெல்லாம் அரைக் கிலோ பால்கோவா வீட்டுக்குள் வருகிறது. ஒரு கணக்கில் இதைப் போட்டுப் பார்த்திருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். நான் போட்டுப் பார்க்கவில்லை, தெருவுக்குப் பயந்தேன்.

வீட்டில் வேலை முறையாக ஆரம்பித்தது. மில்லில் பழைய சாமான் ஏலத்தில் நான் எடுத்துவந்து அம்மாவின் சோற்றுக்கு வைத்திருந்த பித்தளைத் தராசைத் துடைத்தேன். வரைபடத் தாளில் ஏழே காலிலிருந்து ஐந்து கிலோ வரைக்கும், முப்பத்தாறு வாரத்துக்குப் பென்சிலில் ஒரு சாய்ந்த கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். பிளவக்கல் அணை மீன் விற்க வத்திராயிருப்பிலிருந்து வருகிறவரிடம் தினம் கால் கிலோ சொல்லிவைத்தேன். அவித்து முள் எடுத்து மூன்று பங்காக நிறுப்பதைப் பார்த்து அம்மா, "ரெண்டு வருசமா பொண்டாட்டி சோத்த நிறுக்கிய, இப்பம் பூனைக்கும் ஆரம்பிச்சாச்சு, அடுத்தாப்புல வாசல்ல வார காக்காவயும் கூப்புடுங்க" என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். ஓடவிடும் வேலைக்கு, ஒரு காகித உருண்டையை நூலில் கட்டிப் பட்டாசாலைக் கூடத்தில் இழுத்துக்கொண்டு நான் போகவேண்டும், பஞ்சு துரத்தவேண்டும். அது உட்கார்ந்தபடியே தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தது. பத்து நாளில் நான் ஒரு கிலோ குறைந்தேன், அது நாற்பது கிராம் குறைந்தது. பிச்சை முகம்மது, "கொக்கியில நீங்களும் ஒருக்கா தொங்கிப் பாருங்க சார்வாள், சார்ட்டு ஒங்களுக்குத்தான் சரியா வருது" என்றார். ஆனாலும் டிசம்பர் நடுவரையில் கோட்டை ஒட்டியே வந்தோம். டாக்டர் கைகொடுத்தார்.

பிறகுதான் பால்கோவா காணாமல் போக ஆரம்பித்தது. வைக்கும்போது எடை பார்த்து நோட்டில் எழுதுவது என் வழக்கம். இருநூறு கிராம் வைத்த டப்பாவில் நான்காம் நாள் பார்த்தால் அறுபது இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, "பஞ்சுதான், வேற யாரு இருக்கா இந்த வீட்டுல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை பாலும் சர்க்கரையும் பூனை வயிற்றில் போனால் என் கோடு என்ன ஆகும். நோட்டில் ஒரு புதுக்கட்டம் போட்டு "பஞ்சு, பால்கோவா, 140" என்று எழுதினேன். அதை ஈடுகட்ட மீனில் நாளைக்கு நாற்பது கிராம் குறைத்தேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் பால்கோவாவோடு, வந்தவர்கள் கொண்டுவந்த கேக்கும் முறுக்கும் சேர்ந்து குறைந்தன. எல்லாம் பஞ்சு. நானும் எழுதிக்கொண்டே வந்தேன், மீனையும் குறைத்துக்கொண்டே வந்தேன். ஜனவரியில் நாளைக்கு எழுபது கிராமில் வந்து நின்றது. பஞ்சு சமையலறை வாசலில் உட்கார்ந்து கத்தும். ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல், "இன்னுங் கொஞ்சம் வைங்களேன், பாக்கப் பாவமா இருக்கு" என்றாள். நான், அது நேற்று ராத்திரி நூறு கிராம் பால்கோவா தின்றிருக்கிறது, இன்று எப்படி வைப்பது என்று நோட்டைக் காட்டினேன். அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு பதினைந்து நாளில் முந்நூற்றைம்பது கிராம் குறைந்திருந்தது. கோட்டுக்குக் கீழே புள்ளி தொங்குகிறது. இவ்வளவு இனிப்பும் தின்று இப்படி இளைக்கிற பிராணி உண்டா என்று யோசித்தேன், யோசித்து, பிச்சை முகம்மது தராசின் முள்ளைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த மனிதர் முகத்தைப் பார்த்து அதைக் கேட்கத் துணிவில்லாமல், நானாகவே ஒரு திருத்தம் போட்டு எழுதிக்கொண்டேன். நோட்டில் நான்கு இடத்தில் என் கையெழுத்திலேயே "டப்பா மூடி மூடியிருந்தது" என்று குறித்திருக்கிறேன் என்பதைப் பின்னால்தான் பார்த்தேன்.

ஜனவரி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சு சாப்பிட வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. கட்டிலுக்கடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது, கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனோம். டாக்டர் அதன் கண்ணோரத்தையும் வாயையும் பார்த்துவிட்டு முதல்முதலாக என்மேல் கோபப்பட்டார். "நான் என்ன சொன்னேன் சார், பட்டினி போடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா. ஒல்லிப் பூனை பசி தாங்கும், குண்டுப் பூனை தாங்காது. நாலு நாள் திங்காம கெடந்தா ஒடம்புக் கொழுப்பெல்லாம் போய் ஈரலை அடைச்சிரும், அதுக்கப்புறம் சர்க்கரை வருமா வராதாங்கற கவலையே ஒங்களுக்கு வேண்டாம்" என்றார். பட்டினி போடவில்லை டாக்டர், கணக்குப்படிதான் வைத்தேன் என்று நோட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். பால்கோவா கட்டத்துக்கு வந்ததும் நின்றார். டப்பாவுக்கு எந்தமாதிரி மூடி என்று கேட்டார். இறுக்கமான மூடி, எனக்கே கத்தி நுனியால் நெம்பித்தான் திறக்கவரும் என்றேன். "அப்போ இந்தப் பூனை மேல்தட்டுக்கு ஏறி, மூடிய நெம்பித் தெறந்து, நூத்தி நாப்பது கிராம் தின்னுட்டு, திரும்ப மூடியும் வச்சிருக்கு. ஜன்னல்ல மாட்டிக்கிட்ட பூனை. இத எங்கிட்டக் கூட்டிட்டு வரப்படாது சார், சர்க்கஸுக்குக் கொண்டு போகணும்" என்றார். பிறகு, பூனை பாலுக்கு நக்கும், இனிப்பைத் தேடி அலையாது, அதற்கு இனிப்பு பெரிதாகத் தெரியாது என்றும் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அப்போது டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் இருந்த உரக்கம்பெனி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஜனவரி மாதத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். டாக்டரும் நல்ல மனிதர், நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைத் தந்து, முட்டை மஞ்சளும் கோழி வேகவைத்த தண்ணீரும் கலந்து இரண்டு மணிக்கு ஒரு தடவை வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார், மூன்று நாளில் தானாகத் தின்னவில்லையென்றால் அவரே வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் என் கால் பழக்கத்தில் மிட்டாய்க் கடைப்பக்கம் திரும்பியது. அம்மா என் சட்டைக்கையைப் பிடித்து, "வேண்டாம், பஸ் நிக்கி" என்றாள்.

அந்த மூன்று நாளும் அம்மா கட்டிலுக்குப் போகவில்லை, பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே இருந்தாள். கால் புண் ஆறி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அந்தப் புண்ணால்தானே உன் பிரசவத்துக்குப் பிலாய் வரமுடியாமல் போயிற்று, தரையில் உட்காராதே என்று நான் சொன்னால் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் நான் கோழி வேகவைத்த தண்ணீரை வடிகட்டிக்கொண்டு சமையலறையில் நிற்கிறேன், நான் கடைக்குப் போயிருப்பதாக நினைத்து அம்மா பஞ்சுவோடு பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏலே பஞ்சு, நான் தின்னதெல்லாம் ஒன் பேர்ல ஏத்திட்டாவளேலே, நீயும் ஒரு வார்த்த சொல்லாம இருந்துட்டியே. ஒரு வெரல் நுனிக்கு எடுத்து நாக்குல வைப்போம்னுதாம் போவேன், மூடுதப்பப் பாத்தா பாதி காணாது. அவியட்டச் சொன்னா நோட்டத் தூக்கிட்டு வந்திருவாவ. தின்னுலே. நீ ஒரு வாய் தின்னு, நான் இனிமே அதத் தொடல." நான் வடிகட்டியை மெதுவாகக் கீழே வைத்தேன். உள்ளே போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து, செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பஞ்சு தானாக எழுந்து போய்த் தட்டில் இருந்த மீனை நக்கியது. பிறகு தின்றது. அம்மா தட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுதும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

எனக்கு அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. இரண்டு மாதமாக எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது கிராம் கணக்கில் என் நோட்டிலேயே இருக்கிறது, பெயர்தான் வேறு. இரத்தம் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நாலு விதமாக யோசித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறபோது அவளே, "நாளைக்கி வெறும் வயித்துல டெஸ்டுக்குப் போவோமா, போய் ரொம்ப நாளாச்சு" என்றாள். காகிதத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே கசக்கிவிட்டேன். இருநூற்றி எண்பத்தாறு வந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார், இதே நிலையில் போனால் மறுபடி புண் வந்தால் ஆறாது, மே மாதத்துக்குள் இறங்கவில்லையென்றால் ஊசிதான் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த பஞ்சுவின் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு கோடு போட்டுருங்க, ஆனா சோத்த நான் நிறுத்துக்கிடுதேன், தராச எங்கிட்டக் குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். இப்போது அவளுக்கும் பூனைக்கும் அவளே நிறுக்கிறாள். பூனைக்கு மறுபடி நூற்றி அறுபது. சாயங்காலம் காகித உருண்டை நூலையும் அவளே பிடித்துக்கொண்டு பட்டாசாலையில் இருபது தடவை நடக்கிறாள், அவள் பின்னால் பஞ்சு ஓடுகிறது, எனக்கு ஒருநாள்கூட ஓடியதில்லை. போன வாரம் பஞ்சு ஆறு கிலோ இருநூறு, அம்மாவுக்கு நூற்றி எழுபத்தெட்டு. இரண்டு புள்ளியும் கோட்டின்மேல் இருக்கின்றன. பால்கோவாவைப் பற்றி அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தெருவில்தான் கொஞ்சம் மனக்கசப்பு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை இப்போதும் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறோம், வெறுங்கையோடு வருகிறோம். முதல் தடவை ஏசம்மாள் கேட்டிலேயே நிறுத்தி, "என்ன சார், கைய வீசிட்டு வாரிய" என்றாள். நான் வாழ்க்கையில் முதல்தடவையாக, இனிமேல் வாங்குவதில்லை, பூனைக்கு ஆகாது என்று நேராகச் சொன்னேன். "பூனைக்கு ஆகாதுன்னா எங்களுக்கு என்ன சார் வந்துச்சு" என்றாள். நான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போவதில்லை, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம் என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறதாம். சபையின் பாதிரி ஐயர்கூட, ஈஸ்டருக்கு முந்திய இந்தத் தபசு நாட்களில் உங்கள் பூனையும் உபவாசமா என்று கேட்டார். இருக்கட்டும்.

மணி நாலரை ஆகிவிட்டது. குழந்தைக்கு வெயில் நேரத்தில் ரயிலில் தண்ணீர் காய்ச்சி எடுத்துக்கொள், மதராஸில் வாங்காதே. மாப்பிள்ளைக்கு வயிற்றுக்கு ஓமத்தண்ணீர் மறக்காதே. அம்மாவுக்கு நீ எழுதுகிற கடிதத்தில் பஞ்சு இளைத்தது பற்றி மட்டும் கேள், மற்றது எதுவும் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு, நகல் எடுக்காமல் நான் அனுப்புகிற முதல் கடிதம் இது. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, குழந்தையின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொண்டு நீயே ஒரு தடவை கையை வை.

ஒன்றே ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ரயில் இங்கே வருமுன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும். மாப்பிள்ளை பிளாட்பாரத்தில் இறங்கி அத்தைக்கு என்று இரண்டு கிலோ வாங்குவார், போனதடவை வாங்கினார், மரியாதை தெரிந்தவர், அவரைக் குறை சொல்லவில்லை. அவரை இறங்கவிடாதே. ராஜபாளையம் ஸ்டேஷனில் அம்மா முதலில் உன் பையைத்தான் பார்ப்பாள், அவள் கேட்கமாட்டாள், ஆனால் பார்ப்பாள். நீ பையைக் கீழே வைக்கும் முன்பே குழந்தையைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிடு. குழந்தையை அவள் இன்னும் தொட்டதுகூட இல்லை. இரண்டு கையும் நிறைந்துவிட்டால் வேறு எதையும் தேடமாட்டாள்.

அன்பு குறையாத அப்பா,
ச. வேதசிரோமணி